அர்க்கஷோன் வளைகுடா, லெர்ப் சிப்பிக் கிராமம்: விடியலில் வற்றம் கிடைக்குமா?

சென்லூயி வாசி | 4 மே 2024

பிரான்சின் தென்மேற்கில், அர்க்கஷோன் வளைகுடாவில் உள்ள லெர்ப் கிராமத்தைப் படம் எடுக்க என் கணக்கு இது. ஓத எண் (ஓதம் எவ்வளவு பெரிது என்று காட்டும் எண், அங்கே கோஎஃபிசியான் என்கிறார்கள்) 90க்கு மேல் உள்ள நாளாகப் பார்த்து, விடியற்காலையில் கடல் முழுக்க வற்றிக் கிடக்கும்போது போய் நின்றால் சிப்பிப் பார்க் (சிப்பி வளர்க்கும் கடல்நிலம்), மரக்கழி, சிப்பி வளர்க்கும் இரும்பு மேசை எல்லாம் பொன்வெயிலில் அகப்படும். ஜூலை விடுமுறையா, டிசம்பர் விடுமுறையா என்பதுதான் பாக்கி. 16-35, 70-200 லென்ஸ்கள், சின்ன ட்ரோன் ஒன்று இருக்கிறது. பார்க்குக்குள் நடந்து போக விடுவார்களா?

காரைக்கால் பேரன் | 4 மே 2024

90க்கு மேல் உள்ள நாளில் அங்கே விடியலில் வற்றம் கிடையாது தம்பி. ஜூலையானாலும் சரி, டிசம்பரானாலும் சரி.

நம் ரெயூனியன் தீவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் ஓதம் நமக்குக் கணக்கிலேயே வராது. அர்க்கஷோனில் பெரிய ஓதத்தன்று 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வளைகுடா மொத்தம் 155 சதுர கி.மீ.; நன்றாக வற்றியபின் தண்ணீர் நிற்பது சுமார் 40 சதுர கி.மீ.தான். மீதியெல்லாம் சேறும் மணலும் கடற்புல்லும்.

பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஒன்றரை இரண்டு நாளில் ஓதம் உச்சத்துக்கு வரும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, ஒரு துறையில் பெரிய ஓதம் வரும் *நேரம்* ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றே என்பதை. அர்க்கஷோனில் பெரிய ஓத நாட்களில் நிறைநீர் காலை ஆறு, மாலை ஆறரை வாக்கில். வற்றம் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவிலும். இது குளிர்காலக் கடிகாரம், கோடையில் ஒரு மணி கூட்டுங்கள். சின்ன ஓதம் (40, 45) வரும் நாட்களில் எல்லாம் தலைகீழ். வற்றம் காலை மாலையில் வரும், ஆனால் தண்ணீர் பேருக்குத்தான் இறங்கும். பல பார்க்குகள் தலையே காட்டாது.

ஆக விடியலும் முழு வற்றமும் அங்கே ஒரு நாளில் சேராது. அதைத் தேடி டிக்கெட் போட வேண்டாம்.

மூங்கில்காடு | 5 மே 2024

அப்படியானால் ஜூலை அவுட். ஜூன் கடைசியில் அங்கே உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட 69 பாகை உயரம், அதுவும் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணிக்கு. வற்றமும் அதே நேரம் என்றால் சேற்றில் ஒரு நிழல்கூட இருக்காது, எல்லாம் சப்பை.

நிழற்பெட்டி | 5 மே 2024

ஜூலையை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். சுண்ணாம்பு ஓடுகள் கண்ணில் படுவது ஜூன், ஜூலையில்தான்.

சிப்பிக் குஞ்சு ஒட்டுவதற்காகப் பழங்காலக் கூரை ஓட்டைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த குழம்பில் முக்கிக் காயவைத்து, மரச்சட்டக் கூண்டுகளில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார்கள். கோடையில் நீர் சூடேறி சிப்பி முட்டை விடும் சமயம் பார்த்துக் கடலில் இறக்குவார்கள். சுண்ணாம்புப் பூச்சு எதற்கென்றால், பிறகு சுரண்டும்போது குஞ்சு உடையாமல் பூச்சோடு பெயர்ந்து வரும். இப்போது பிளாஸ்டிக் தட்டுகளும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் துறையோரம் அடுக்கி நிற்கும் வெள்ளை ஓடுதான் படம்.

படத்தில் கெடுவதும் இதே ஓடுதான். சட்டகம் நிறைய வெள்ளை ஓடு மட்டும் இருந்தால் காமிராவின் அளவி ஏமாந்து சாம்பலாக்கிவிடும், +1 கொடுங்கள். கருஞ்சேற்றுப் பின்னணியில் ஓட்டு அடுக்கு சின்னதாக நின்றால் எதிர்மாறு, சேற்றை நம்பி ஓட்டை எரித்துவிடும். -1 வரை இறக்குங்கள். ரா கோப்பாக எடுத்து, வெளுப்பு எச்சரிக்கை கண் சிமிட்டாத அளவுக்கு வைத்தால் சேற்றைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். எரிந்த சுண்ணாம்பை யாராலும் மீட்க முடியாது.

காரைக்கால் பேரன் | 6 மே 2024

அக்கா சொன்னது சரி, ஓடு வேண்டுமென்றால் கோடைதான். ஆனால் கிராமமும் பார்க்கும் சேர்ந்து வேண்டுமென்றால் குளிர்காலம். காரணம் இரண்டு.

ஒன்று, டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிச் சூரியனே 22 பாகைக்கு மேல் ஏறாது. அதாவது நண்பகல் வற்றம் என்றாலும் வெயில் நம் ஊர் காலை ஏழு, ஏழரை மணிச் சாய்வில்தான் இருக்கும். மூங்கில்காடு சொன்ன 'சப்பை' டிசம்பரில் செல்லாது.

இரண்டாவதுதான் விஷயமே. உச்ச ஓதத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நிறைநீர் முக்கால் மணி அளவு பின்னுக்குத் தள்ளிப் போகும். மூன்றாம், நான்காம் நாள் நிறைநீர் காலை எட்டு எட்டேமுக்காலுக்கு வந்து நிற்கும். வற்றம் பிற்பகல் இரண்டேகாலிலிருந்து மூன்றுக்குள். அப்போது ஓத எண் 65, 75 என்று இருக்கும், 3 மீட்டர் அளவு இறக்கம் உண்டு, போதிய பார்க் வெளியே வந்துவிடும். டிசம்பர் கடைசியில் சூரிய உதயம் 8.35, மறைவு 17.25 வாக்கில். எண்ணிப் பாருங்கள்: உதயத்தில் வீடுகளின் காலடி வரை நிறைநீர், கண்ணாடிப் பிரதிபலிப்பு. பிற்பகலில் வற்றிய பார்க், சாய்வெயில். இரண்டும் ஒரே நாளில்.

ஜூலையில் இதே கணக்கு ஒத்துவராது. உதயம் காலை ஆறரை, அஸ்தமனம் இரவு 9.45. நான்காம் நாள் வற்றம் பிற்பகல் நாலு மணிக்கு வந்தாலும் சூரியன் இன்னும் தலைக்கு மேலேதான்.

சென்லூயி வாசி | 6 மே 2024

இது புரிகிறது அண்ணே. அப்படியானால் 90 வேண்டாம், 90 போய் இறங்குகிற 70 வேண்டும்.

காரைக்கால் பேரன் | 6 மே 2024

அதேதான். இறங்குகிற 70, ஏறுகிற 70 அல்ல. ஓதம் பெருகி வரும் பக்கத்து 70இல் வற்றம் காலை ஒன்பது மணி வாக்கில் வரும், நிறைநீர் பிற்பகல் மூன்றுக்கு. அதுவும் வீண் இல்லை, சூரியன் எழுந்த அரைமணியில் பார்க் தெரியும். உங்கள் முதல் ஆசைக்கு மிக அருகில் வருவது அந்த நாள்தான், ஆனால் வீட்டுப் பிரதிபலிப்பு போய்விடும்.

மூங்கில்காடு | 9 மே 2024

திசையையும் சொல்லிவிடுகிறேன், இங்கிருந்து போகிறவர்கள் எல்லாருக்கும் இடிக்கிற இடம் இது.

லெர்ப், லெ கனோன், பிராய்யான் எல்லாம் கப் ஃபெரே நீள்நிலத்தின் உள்பக்கம், கிழக்கு பார்த்தவை. உதயம் தண்ணீர் மேல். அஸ்தமனம் முதுகுக்குப் பின்னே பைன் மரக்காட்டில். காலை வெயில் வீட்டு முகப்புகளில் நேராக அடிக்கும். குளிர்காலத்தில் மதியத்துக்குப் பிறகு முகப்புகள் நிழல், பிற்பகலில் வீட்டை எடுக்க முயலாதீர்கள். அப்போது நிலத்துக்கு முதுகு காட்டிப் பார்க் பக்கம் திரும்புங்கள்.

நம் தீவில் கிழக்கு பார்த்து நின்றால் சூரியன் இடப்பக்கமாக, வடக்கு நோக்கிச் சாய்ந்து ஏறும். அங்கே வலப்பக்கமாக, தெற்கு நோக்கி. அதுவும் நிறையச் சாய்ந்து. இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக எழுவதைப் பார்த்துப் பழகிய கண், சட்டகத்தின் இடப்பக்கம் இடம் விட்டு நிற்கும். அரைமணி கழித்துச் சூரியன் வலது விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். வலப்பக்கம் இடம் விடுங்கள்.

ஜூன் உதயம் வடகிழக்கில், 56 பாகை. டிசம்பரில் 124, அதாவது தென்கிழக்கு. லெர்ப்பிலிருந்து அந்தத் திசையில் அக்கரையில் இருப்பது அர்க்கஷோன் ஊர். குளிர்கால உதயத்தில் ஊர் விளக்குகளுக்குச் சற்று வலப்பக்கம் சூரியன் வரும். வளைகுடாவுக்குள் இருக்கும் பறவைத் தீவு இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும், பக்கவெளிச்சத்தோடு. தீவின் பக்கமாகவே சூரியன் எழ வேண்டுமென்றால் மார்ச், செப்டம்பர்.

நிழற்பெட்டி | 9 மே 2024

அந்திப்பொழுதின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அங்கே உதயத்துக்கு முன் அரைமணிக்கு மேல் நீல வெளிச்சம் நிற்கும். இங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டே முக்காலியை விரித்தால் போதும் என்றிருப்போம். அங்கே எட்டு மணிக்குள் எல்லாம் தயாராக நிற்க வேண்டும், விரல் விறைக்கும். உதிரி பேட்டரியைச் சட்டை உள்பையில் வையுங்கள், குளிரில் பாதியில் கைவிடும்.

வெல்லமண்டி | 14 மே 2024

70-200ஐ நம்பிப் பறவைத் தீவுக் காலூன்றிக் குடில்களை (சாங்கே) லெர்ப் கரையிலிருந்து எடுக்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தூரம் 5 கி.மீ. அளவு. பத்து மீட்டர் அகலக் குடில் 200 மி.மீ. லென்ஸில் சென்சார் மேல் அரை மில்லிமீட்டர்கூட வராது. 600 போட்டாலும் 1.2 மி.மீ.தான், நடுவே நீராவி நடுக்கம் வேறு. படகில்தான் போக வேண்டும். படகில் கம்பியில் சாயாதீர்கள், எஞ்சின் அதிர்வு அப்படியே காமிராவுக்கு ஏறும். முழங்காலைத் தளர்த்தி நின்று 1/800க்குக் குறையாமல் வையுங்கள்.

70-200க்கு உண்மையான வேலை வேறு. வற்றிய சேற்றில் மேசை வரிசைகளை அடுக்கடுக்காக நெருக்கிக் காட்டுவது, நிறைநீரில் 'பிஞோ' கழிகளைக் கோடு போட்ட மாதிரி எடுப்பது. நீர் ஏறிய பிறகு பார்க் இருக்கும் இடத்தைச் சொல்வது அந்தப் பைன்மரக் கழிகள் மட்டும்தான்.

16-35ஐச் சந்துகளில் வையுங்கள். லெர்ப்பின் சந்துகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கும் அகலம். பலகைச் சுவர்கள் செங்குத்துப் பட்டிகளோடு இருப்பதால் காமிராவைக் கொஞ்சம் அண்ணாந்தாலும் வீடு பின்னால் விழுவது பளிச்சென்று தெரிந்துவிடும். மட்டம் பார்த்து வைத்து, மேலே தேவையானதை அகலமாக எடுத்துக் கீழே வெட்டிக்கொள்ளுங்கள். 20க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

சென்லூயி வாசி | 14 மே 2024

பார்க்குக்குள் நடப்பது பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே.

காரைக்கால் பேரன் | 15 மே 2024

பார்க் என்பது அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த கடல்நிலம். ஒருவர் வயல், அவ்வளவுதான். கேட்காமல் உள்ளே போகக்கூடாது. சிப்பிக்காரரோடு அவருடைய தட்டை அடிப் படகில் (ஷலான்) போவதே வழி. வற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கிளம்பி, நீர் ஏறும்போது அதன் மேலேயே மிதந்து திரும்புவார்கள். நடுவில் படகு தரைதட்டி உட்கார்ந்திருக்கும், 'குளிராயிருக்கிறது, திரும்பலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஓத எண் 50க்குக் கீழே உள்ள நாட்களில் அவர்கள் பெரும்பாலும் குடிலில் இருப்பார்கள். தரம் பிரிப்பது, பை மாற்றுவது, கொத்தாக ஒட்டியதை உடைத்துப் பிரிப்பது. கை, முகம், கருவி எல்லாம் எடுக்க அந்த நாள் தோது. ஆக சின்ன ஓத நாளும் வீண் நாள் இல்லை.

சேற்றில் கால் வைக்கும் யாருக்கும் பன்னிரண்டில் ஒன்று கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணி 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1. 3 மீட்டர் ஓதத்தில் முதல் மணி கால் மீட்டர். மூன்றாம், நான்காம் மணி முக்கால் முக்கால் மீட்டர். முதல் மணியின் மந்தத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். இன்னொன்று, தண்ணீர் முன்னால் இருந்து அலையாக வராது. 'எஸ்தே' என்கிற ஓடைகள் வழியாக முதுகுப் பக்கம் நிரம்பும். நாம் நிற்கும் மேடு காய்ந்திருக்கும், திரும்பும் வழி இடுப்பளவு. வற்ற நேரத்துக்கு *முன்பே* கரைப்பக்கம் திரும்புங்கள், வற்ற நேரத்தில் அல்ல.

நிழற்பெட்டி | 15 மே 2024

முழங்கால் ரப்பர் பூட்ஸ் போதும், ஆனால் அடிப்பாகம் தடிமனாக இருக்கட்டும். செருப்போ கடற்கரைக் காலணியோ வேண்டவே வேண்டாம். காட்டுச் சிப்பி விளிம்பு சவரக்கத்தி.

முக்காலி சேற்றில் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும். 2 நொடி வெளிச்சம் விட்டால் படம் மங்கும். காலடியில் அகலமான பிளாஸ்டிக் மூடி மூன்று போடுங்கள். காலை நீட்டும்போது வழக்கத்துக்கு மாறாக அடியில் உள்ள மெல்லிய பகுதியை முதலில் முழுக்க இழுங்கள், அப்போதுதான் பூட்டு மூட்டு சேற்றுக்கும் உப்புநீருக்கும் மேலே நிற்கும். அறைக்கு வந்ததும் நல்லதண்ணீரில் கழுவாவிட்டால் மறுநாள் மரையில் மணல் நறநற.

காமிராவில் தெறித்த உப்பை உலர்துணியால் துடைக்கக்கூடாது, தேய்த்துவிடும். நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்துணி.

மூங்கில்காடு | 16 மே 2024

பிளாஸ்டிக் மூடி எதற்கு, சிரட்டை மூன்று கொண்டு போங்கள். சுங்கத்தில் கேட்டால் பூஜைச் சாமான் என்று சொல்லலாம்.

நிழற்பெட்டி | 16 மே 2024

சிரட்டை கவிழ்ந்து காற்றை அடைத்துக்கொண்டு வழுக்கும். பெயின்ட் டப்பா மூடியே மேல்.

போலரைசர் பற்றி: வற்றிய சேற்றின் மினுக்கத்தை அது முழுக்க உறிஞ்சிவிடும், மிச்சம் வெறும் கறுப்பு. அந்த மினுக்கம்தான் மேசை வரிசைகளைக் கோடிட்டுக் காட்டுகிறது. கழற்றி வையுங்கள். நிறைநீரில் பிரதிபலிப்புக்கும் அதே. பசும்பாசி, கடற்புல் திட்டை நெருக்கமாக எடுக்கும்போது மட்டும் பாதி சுழற்றலாம்.

வெல்லமண்டி | 2 ஜூன் 2024

படத்தின் கீழே 'பாரம்பரியச் சிப்பி' என்று எழுதுகிறவர்களுக்கு. இப்போது அங்கே வளர்வது ஜப்பான் சிப்பி. வரிசை இப்படி: 1860 வாக்கில் கோஸ்த் என்ற அறிஞரின் யோசனையில் மூன்றாம் நெப்போலியன் காலத்து முன்மாதிரிப் பார்க்குகள். அப்போது தட்டைச் சிப்பி. 1865இல் மிஷ்லே என்ற கொத்தனார் ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசும் முறையைக் கொண்டுவந்தார். 1868இல் மொர்லேசியன் என்ற கப்பல் கெட்டுப்போனதாக நினைத்து ஜிரோந்த் முகத்துவாரத்தில் கொட்டிய போர்த்துகல் சிப்பி பிழைத்துப் பரவியது. 1920இல் தட்டைச் சிப்பி கூண்டோடு செத்தது. 1970களின் தொடக்கத்தில் போர்த்துகல் சிப்பியும் நோயில் போனது. அதன் பிறகுதான் ஜப்பான் சிப்பி.

அதற்குப் பிறகும் ஒரு அடி. படகின் அடிப்பாகத்தில் பூசிய டிபிடி என்ற வெள்ளீயச் சாயம் குஞ்சு பிடிப்பதையே நிறுத்திவிட்டது. 1982இல் பிரான்ஸ் சின்னப் படகுகளுக்கு அதைத் தடைசெய்தது.

பழைய அஞ்சலட்டையில் இருக்கும் சிவப்புக் கால்சட்டைப் பெண்கள் நிற்பது தட்டைச் சிப்பி அல்லது போர்த்துகல் சிப்பிக் காலத்தில். அதே கோணத்தில் இன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைக்கிறவர்கள் இதைக் குறிப்பிடாவிட்டால் படம் பொய் சொல்லும். அஞ்சலட்டைக் கோணம் தேடுகிறவர்கள் ஓதத்தையும் ஒப்பிடுங்கள், அதிலே நீர்மட்டம் எந்தத் தூண் வரை என்று பார்த்தால் போதும்.

லெர்ப்பில் இன்னொரு பழைய சின்னம், 1885ஆம் ஆண்டு மூரிஷ் பாணித் தேவாலயம். அல்ஜியர்ஸ் துறைமுகக் கட்டுமானத்தில் சம்பாதித்த லெஸ்கா கட்டியது. அவருடைய அல்ஜீரிய மாளிகையை 1960களில் இடித்துவிட்டார்கள், இது மட்டும் மிச்சம்.

சென்லூயி வாசி | 2 ஜூன் 2024

ட்ரோன்?

மூங்கில்காடு | 3 ஜூன் 2024

சட்டம் நம் தீவில் உள்ளதே, பதிவு எண்ணும் அதுவே செல்லும். ஆனால் பக்கத்தில் கசோ விமானப்படைத் தளம், வான்வெளிக் கட்டுப்பாடு உண்டு. அரசின் ட்ரோன் வரைபடத்தில் அன்றன்று பாருங்கள். அர்கேன் மணல்திட்டு 1972 முதல் இயற்கைக் காப்பகம், அங்கே ட்ரோனை எடுக்கவே வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள். குளிர்காலத்தில் பெர்னாஷ் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து வற்றிய திட்டில் கடற்புல் மேயும். வற்றம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம். ட்ரோன் சத்தத்தில் மொத்தமாக எழும்பினால் அன்றைய மேய்ச்சல் போச்சு. மேலிருந்து பார்க்கும் கோணம் வேண்டுமென்றால் பிலா மணல்மேடு இருக்கிறது, நூறு மீட்டர் உயரம். அங்கிருந்து அர்கேன் பார்க்குகளும் அலைவாயும் தெரியும், அஸ்தமனமும் கடல் மேல். லெர்ப்பில் கிடைக்காத அஸ்தமனம் அங்கே.

காரைக்கால் பேரன் | 3 ஜூன் 2024

காற்று பற்றி ஒரு வரி. மேல்காற்று (மேற்கிலிருந்து) அடித்தால் கப் ஃபெரே பைன்காடு மறைத்துக்கொள்ளும், லெர்ப் முன்னால் தண்ணீர் அசையாது, பிரதிபலிப்பு உறுதி. கீழ்க்காற்றில் வானம் துல்லியமாக இருக்கும், ஆனால் வளைகுடா முழுக்க ஓடி வந்த சிற்றலை நேராக வீட்டு முன்னால் மோதும். தெளிவான வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். காற்றழுத்தம் ஏறினால் நீர்மட்டம் இறங்கும், 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 செ.மீ. கணக்கு. 1035 என்று காட்டினால் அட்டவணையைவிட 20 செ.மீ. கூடுதலாக வற்றும். சேற்றில் அது நிறைய நிலம்.

நிழற்பெட்டி | 20 ஆகஸ்ட் 2024

சிப்பியைத் திறந்து நெருக்கமாக எடுப்பது பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதினார்கள். இங்கேயே போடுகிறேன்.

எண் குறைந்தால் சிப்பி பெரிது. 3ஆம் எண் 66 முதல் 85 கிராம், 2ஆம் எண் 86 முதல் 110. படத்துக்கு 2 வாங்குங்கள், சாப்பிட 3.

குழிந்த ஓடு கீழே, மூட்டு உள்ளங்கைப் பக்கம். தடித்த துணியில் பிடித்து, மூட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி வலது விளிம்பில் கத்தியை நுழைத்தால் ஓட்டை மூடிப் பிடிக்கும் தசை அறுபடும். மேலோட்டைத் திருகாமல் தூக்குங்கள். திருகினால் ஓட்டுத் துணுக்கு சதையில் உட்காரும், 1:1 நெருக்கத்தில் அது பாறை மாதிரி தெரியும். மென்தூரிகையால் எடுக்கலாம்.

திறந்ததும் இருக்கும் நீர் கலங்கல். அதைக் கொட்டிவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். சிப்பி தானே இரண்டாம் நீர் விடும், தெளிவாக, சதை உப்பலாக. அப்போது எடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து தாழ்வாக, ஜன்னல் போதும். முன்பக்கம் கறுப்பு அட்டை ஒன்று சாய்த்தால் கரும் விளிம்பு மடிப்பு தனித்துத் தெரியும். முன்விளக்கு போட்டால் ஈரம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அடியில் ஐஸ் வைத்தால் உருகிச் சிப்பி சாயும். கல்லுப்போ கடற்பாசியோ பரப்பி அதில் அழுத்தி வையுங்கள்.

குடிலில் தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு 'ஒரு படம்' என்று கேட்பதுதான் மரியாதை. முகம் தெரிகிற படத்தை வெளியிடுவதாக இருந்தால் வாய்விட்டுச் சம்மதம் கேளுங்கள்.

மூங்கில்காடு | 20 ஆகஸ்ட் 2024

ஜனவரி முதல் வாரம் இங்கே பாதிக் கோவிலில் தீமிதி. காப்புக் கட்டியவன் சிப்பித் தட்டு முன்னால் என்ன செய்வான்?

நிழற்பெட்டி | 20 ஆகஸ்ட் 2024

காப்புக் கட்டியவன் விமானம் ஏறமாட்டான். ஏறினால் இரண்டாம் நீர் வரும் வரை காத்திருந்து படம் பிடிக்கட்டும், தட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளட்டும்.

சென்லூயி வாசி | 11 நவம்பர் 2024

விடுமுறை டிசம்பர் 21க்குப் பிறகுதான். அமாவாசை 30ஆம் தேதி. அப்படியானால்?

காரைக்கால் பேரன் | 11 நவம்பர் 2024

உச்சம் ஜனவரி 1, 2 வாக்கில். இறங்குகிற பக்கம் 4, 5, 6. நிறைநீர் உத்தேசமாக ஏழரை, எட்டேகால், ஒன்பது, அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரதிபலிப்புக்கு 5 தான் சரி, ஆனால் 4 சனி, 5 ஞாயிறு. படகு வேலை பார்க்கணும் என்றால் 6 திங்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. வருட விற்பனையில் பெரும்பங்கு அந்தச் சில நாளில் நடக்கிறது, காமிராவோடு யார் வந்தாலும் இடைஞ்சல். ஜனவரியிலும் ஒரு ஆபத்து உண்டு: 2023 டிசம்பர் 27இல் நோரோவைரஸ் காரணமாக விற்பனையை நிறுத்தினார்கள், ஜனவரி மூன்றாம் வாரம் வரை நீண்டது. அப்படி ஆனால் தட்டுக் கடைகளில் சிப்பி இருக்காது, துறை வெறிச்சோடும். டிக்கெட்டுக்கு முன் இல்லாவிட்டாலும் பொர்தோவில் ரயில் ஏறும் முன்பாவது செய்தி பாருங்கள்.

வெல்லமண்டி | 12 நவம்பர் 2024

தங்குவது அர்க்கஷோன் ஊரில் என்றால் விடியலுக்கு லெர்ப் வந்து சேர முடியாது. குளிர்காலத்தில் கப் ஃபெரேயின் பெலிசேர் துறைக்கு வரும் படகுகள் குறைவு, முதல் படகு உதயத்துக்கு முன் இல்லை. கப் ஃபெரே பக்கமே தங்குங்கள். பெலிசேரிலிருந்து லெர்ப் சைக்கிளில் அரைமணிக்குள்.

சென்லூயி வாசி | 12 நவம்பர் 2024

3 முதல் 7 வரை லெ கனோனில் அறை பிடித்தாயிற்று.

காரைக்கால் பேரன் | 12 நவம்பர் 2024

நல்லது. அச்சிட்ட ஓத அட்டவணைகள் பல UT+1 (உலகப் பொது நேரத்தோடு ஒரு மணி கூட்டியது) கணக்கில் இருக்கும். குளிர்காலத்தில் அது அப்படியே உள்ளூர் நேரம், ஒன்றும் கூட்ட வேண்டாம். துறை என்ற இடத்தில் 'அர்க்கஷோன்-எய்ராக்' எடுங்கள். அந்த்ரேனோஸ், ஓதாஞ்ஜ் போன்ற உள்மூலை ஊர்களுக்கு ஓதம் இன்னும் தாமதமாகப் போய்ச் சேரும், அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. காமிராக் கடிகாரத்தை மூன்று மணி பின்னுக்குத் தள்ள மறக்க வேண்டாம். பிறகு படத்தின் நேரத்தை அட்டவணையோடு ஒத்துப் பார்த்து எந்த மேசை எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று குறித்துக்கொண்டால் அடுத்து போகிறவருக்கு உதவும். இங்கேயே போடுங்கள்.